ரசமட்டம்

தோசைக் கல்லில் விடும் எண்ணெய் ஒழுங்காகச் சுற்றிப் பரவ வேண்டும். பரவாமல், ஓட்டப் பந்தயம் வைத்த மாதிரி இடது ஓரத்துக்கு ஓடிப்போய்க் குளம் கட்டி நின்றால் யாரைக் குறை சொல்வீர்கள்? கல்லையா, அடுப்பையா?

என் அக்கா இரண்டையும் சொல்லவில்லை. "வண்டி சாஞ்சிருக்கு" என்றாள்.

சமையலறைக்குள் வண்டி எப்படி வந்தது என்று குழம்ப வேண்டாம். வண்டிக்குள்தான் சமையலறை. அக்கா குடும்பம் அமெரிக்காவில், அரிசோனா மாநிலத்து ஃபீனிக்ஸ் நகரத்தில் இருக்கிறது. அத்தான் செகண்ட் ஹேண்டில் ஒரு மோட்டார்ஹோம் வாங்கி வைத்திருக்கிறார். இருபத்தைந்து அடி நீளத்துக்குள் கட்டில், அடுப்பு, ஃப்ரிட்ஜ், குளியலறை, சாப்பாட்டு மேஜை எல்லாம் அடக்கம். டிரைவர் தலைக்கு மேலே பரண் மாதிரி ஒரு படுக்கை உண்டு. அது விருந்தாளிக்கு, அதாவது எனக்கு. 2023 அக்டோபரில் கிராண்ட் கேன்யனின் தெற்கு விளிம்பில் இருக்கும் மேத்தர் கேம்ப்கிரவுண்டில் மூன்று ராத்திரி தங்கினோம். சுற்றிலும் பைன் மரங்கள். எருமை சைஸில் எல்க் மான்கள், நம் ஊர்த் தெருவில் மாடு போகிற மாதிரி சாவகாசமாக நடந்து போகும். வண்டி நிறுத்த இடம் தருவார்கள். கரன்ட், தண்ணீர் இணைப்பெல்லாம் கிடையாது.

போய்ச் சேர்ந்ததும் முதல் வேலை, வண்டியை மட்டம் பண்ணுவது. எந்தப் பக்கம் தாழ்ந்திருக்கிறதோ அந்தப் பக்கத்துச் சக்கரங்களுக்கு முன்னால் பிளாஸ்டிக் பலகைகளை அடுக்கி, அதன் மேல் வண்டியை மெள்ள ஏற்ற வேண்டும். முதலில் இடம் வலம், அப்புறம் முன் பின். பின்பக்கம் ஜோடிச் சக்கரம் என்பதால் இரண்டு டயரும் முழுசாகப் பலகை மேல் உட்கார வேண்டும். பிறகு ஹேண்ட் பிரேக், சக்கரத்துக்கு முட்டுக்கட்டை. நான் வெளியே நின்று "வாங்க... வாங்க... ஸ்டாப்!" என்று கை காட்டினேன். அத்தான் உள்ளே சுவரில் ஒட்டியிருந்த இரண்டு அங்குல ரசமட்டத்தைப் பார்த்து, "பர்ஃபெக்ட் மாப்ளே!" என்று இறங்கினார்.

(ரசமட்டம் தெரியும்தானே? கொத்தனார் கையில் வைத்திருப்பாரே, நடுவில் கண்ணாடிக் குழாயும் அதற்குள் ஒரு நீர்க்குமிழியுமாக. பெயரில்தான் ரசம். குழாய்க்குள் இருப்பது ஆல்கஹால். இன்னொரு வேடிக்கை, அந்தக் கண்ணாடிக் குழாய் நேராக இருக்காது. லேசாக வளைத்திருப்பார்கள். வளைந்தால்தான் குமிழிக்குப் போய் நிற்க ஓர் உச்சி கிடைக்கும்.)

முதல் ராத்திரி பரணில் படுத்தால், நான் பாட்டுக்கு உருண்டு போய் இடது பக்கச் சுவரில் ஒட்டிக்கொண்டேன். காலையில் சொன்னேன். "வண்டியில படுத்துப் பழக்கமில்ல மாப்ளே, அதான். பழகிடும்" என்றார் அத்தான்.

பழகித்தான் விட்டது! இரண்டாம் ராத்திரி அடித்துப் போட்ட மாதிரி தூங்கினேன். மூன்றாம் நாள் காலையில் யாராவது வந்து "இந்த வண்டி சாய்ந்திருக்கிறதா?" என்று கேட்டிருந்தால், கோர்ட்டில் சத்தியம் பண்ணி "இல்லை" என்று சொல்லியிருப்பேன்.

உடம்பு பழகிவிடும். ஃப்ரிட்ஜ் பழகாது.

அந்த ரக ஃப்ரிட்ஜில் நம் வீட்டுப் பெட்டி மாதிரி கம்ப்ரஸர் இல்லை. ஸ்டாக்ஹோமில் பால்ட்ஸர் வான் பிளாட்டன், கார்ல் முன்டர்ஸ் என்ற இரண்டு மாணவர்கள் 1922-ல் கண்டுபிடித்த முறை அது. ஒரு சின்ன கேஸ் தீபம் எரியும். அந்தச் சூட்டில் அம்மோனியா தண்ணீரிலிருந்து பிரிந்து மேலே போய், குளிர்வித்து, மறுபடி தண்ணீரில் கரைந்து கீழே இறங்கும். மோட்டார், பம்ப் எதுவும் இல்லாததால் திரவம் தன் பாரத்தாலேயேதான் வழிந்து வர வேண்டும். வண்டி ஓடும்போது சாய்ந்தால் பாதகமில்லை, குலுங்கிக் குலுங்கி ஓடிவிடும். ஒரே இடத்தில் சாய்ந்து நின்றால்தான் ஆபத்து. திரவம் தேங்கும், கொதிகலன் வறளும், உள்ளே துருப்பிடிக்காமலிருக்கச் சேர்த்த ரசாயனம் காய்ந்து கட்டி தட்டிக் குழாயை அடைக்கும். ஒரே நாளில் நடப்பதில்லை. வெளியே ஒன்றும் தெரியாது. ஒருநாள் பால் திரிந்திருக்கும், அவ்வளவுதான். பக்கவாட்டில் சுமார் 3 டிகிரிதான் தாங்கும் என்று கையேடுகளில் போட்டிருக்கும். இப்போது வரும் பல வண்டிகளில் பேட்டரியில் ஓடும் கம்ப்ரஸர் வைத்து இந்தத் தொல்லையை ஒழித்துவிட்டார்கள். அத்தான் வண்டி பழசு. ஏற்கெனவே ஒரு ஃப்ரிட்ஜ் இப்படித்தான் போனது. "ரொம்ப நாள் சரிவுல நின்னிருக்கு" என்றாராம் மெக்கானிக். "சுவர்ல குமிழி நடுவுலதான்யா இருந்துச்சு!" என்று அத்தான் சண்டை போட்டிருக்கிறார்.

அன்றைக்குத் தோசையைப் பாதியில் விட்டுவிட்டு, அக்கா டூல் பாக்ஸிலிருந்து ஒரு கை ரசமட்டத்தை எடுத்துத் தரையில் வைத்தாள். குமிழி வலது பக்கம் ஓடி ஒட்டிக்கொண்டது. அதாவது இடது பக்கம் தாழ்வு. சுவரில் இருந்த குமிழியோ நட்டநடுவில் நின்று எங்களைப் பார்த்தது.

"உன்னோடது தப்பா இருக்கும்" என்றார் அத்தான். நியாயமான சந்தேகம்தான். இரண்டு ரசமட்டம் இரண்டு விதமாகச் சொன்னால் எதை நம்புவது?

அக்கா பதில் சொல்லவில்லை. தரையில் இருந்ததை எடுத்து, தலைகால் மாற்றி, வலது நுனி இடது பக்கம் வருகிற மாதிரி அதே இடத்தில் திருப்பி வைத்தாள். இப்போதும் குமிழி வலது பக்கமே, அதே அளவுக்குப் போய் நின்றது. கருவியில் கோளாறு இருந்தால், திருப்பினதும் வேறு கணக்கு காட்டியிருக்கும். அப்போது இரண்டுக்கும் நடுவில் இருப்பதுதான் நிஜம். இரண்டும் ஒன்றாக இருந்தால் கருவி சுத்தம், தரைதான் கோணல்.

சுவரில் ஒட்டியதைத் திருப்ப முடியாது. வண்டி வாங்கிய புதிதில் அத்தான் கண்ணால் பார்த்து 'நேராக' ஒட்டியது அது. இரண்டு அங்குலக் கருவி ஒட்டும்போது ஒரு முனை இரண்டரை மில்லிமீட்டர் இறங்கினால் போதும், 3 டிகிரி தப்பு. சக்கரத்துக்குச் சக்கரம் ஆறரை அடி என்று வைத்தால், தரையில் அது நாலு அங்குலம்! இத்தனை வருடமும் அவர் மெனக்கெட்டு, பலகை அடுக்கி, வண்டியைக் கோணலாக நிறுத்திக்கொண்டிருந்திருக்கிறார்.

"இது உனக்கு எப்படித் தெரியும்?" என்றேன்.

"மறந்துட்டியா? நம்ம வீடு கட்டினப்ப கொத்தனார் தினம் இப்படித்தானே திருப்பித் திருப்பி வெப்பாரு. நான் பக்கத்துலயே உக்காந்து பார்ப்பேன். நீ மணல்ல விளையாடிட்டு இருப்ப."

நம்ம வீடு.

இங்கே நான் கொஞ்சம் நிறுத்த வேண்டியிருக்கிறது. அந்த வீடு இப்போது என் பெயரில் இருக்கிறது.

அப்பா சுயமாகச் சம்பாதித்துக் கட்டியது. அம்மா முதலில் போய்விட்டாள். அப்பா 2011-ல் காலமானபோது உயில் எதுவும் இல்லை. பூர்வீகச் சொத்தில் பெண்களுக்குப் பங்கு கிடைக்க நம் மாநிலத்தில் 1989 வரையும், நாடு முழுக்க 2005 வரையும் காத்திருக்க வேண்டியிருந்தது. ஆனால், அப்பா சொந்தமாகச் சம்பாதித்து உயிலில்லாமல் விட்டுப்போனதில், 1956-ம் வருடச் சட்டத்திலேயே மகளுக்கும் மகனுக்கும் சரிபாதிதான். எனக்கு அது தெரியும். அக்கா லீவில் வந்திருந்தபோது விடுதலைப் பத்திரம் தயார் பண்ணி வைத்திருந்தேன்.

சும்மா ஒன்றும் நீட்டவில்லை. நான் பி.காம். படித்தவன். முறையாகக் கணக்குப் போட்டேன். ஒரு பக்கம் அக்காவின் இன்ஜினீயரிங் படிப்புச் செலவு, கல்யாணச் செலவு, நாற்பது பவுன், அமெரிக்கா போக டிக்கெட், தலைப் பிரசவச் செலவு, ஒவ்வொரு தீபாவளிக்கும் செய்த சீர். எல்லாவற்றுக்கும் வட்டி. மறுபக்கம் வீட்டின் அன்றைய மதிப்பில் பாதி. கிட்டத்தட்ட டேலி ஆயிற்று. எனக்கே பெருமையாக இருந்தது. அக்கா அந்தத் தாளைப் படிக்கக்கூட இல்லை. "எங்கடா கையெழுத்துப் போடணும்?" என்று மட்டும் கேட்டாள்.

காமர்ஸ் படித்தவர்களுக்கு முதல் வருடத்திலேயே சொல்லித் தருவார்கள். டிரையல் பேலன்ஸ் டேலி ஆகிவிட்டால் கணக்கு சரி என்று அர்த்தமில்லை. ஒரு வரவுசெலவை எழுதாமலே விட்டிருந்தால் இரண்டு பக்கமும் சமமாகத்தான் நிற்கும். நான் எழுதாமல் விட்டது என்ன? என் காலேஜ் ஃபீஸ். என் முதல் பைக். என் கல்யாண மண்டபத்துக்கு அப்பா கொடுத்த அட்வான்ஸ். பத்திரிகை வேலையில் சம்பளம் ஒழுங்காக வராத மூன்று வருடம், வாடகை இல்லாமல் அந்த வீட்டில் குடும்பத்தோடு இருந்தது. மறைக்க வேண்டும் என்று நினைத்து மறைக்கவில்லை, நம்புங்கள். அவள் பெயருக்கு ஒரு லெட்ஜர் இருந்தது. என் பெயருக்கு லெட்ஜர் என்று ஒன்று இருக்கலாம் என்பதே எனக்குத் தோன்றவில்லை. பெண்ணுக்குச் செய்தால் செலவு. பையனுக்குச் செய்தால்..? அது சும்மா, வீடு நடக்கிறது.

ஜான் ரால்ஸ் என்ற அமெரிக்கத் தத்துவப் பேராசிரியர் 1971-ல் எழுதிய புத்தகத்தில் ஒரு யோசனை சொன்னார். ஒரு சமூகத்துக்கு விதிமுறை எழுத உட்காருபவர்கள், அதில் தாங்கள் யாராகப் பிறக்கப் போகிறோம் என்று தெரியாமல் எழுத வேண்டும். பணக்காரனா, ஏழையா, ஆணா, பெண்ணா எதுவும் தெரியக் கூடாது. அப்போதுதான் விதி நியாயமாக இருக்கும். பெரிய யோசனைதான். ஆனால், நாற்பது வயசுக்கு மேல் நான் யாரென்று தெரியாத மாதிரி யோசிப்பது எனக்குக் கஷ்டமாக இருக்கிறது. கொத்தனார் வழி சுலபம். இருப்பதைத் தூக்கித் திருப்பி வை. அக்காவின் பக்கத்தில் என் பெயரைப் போட்டு, அதே தாளை அவள் என்னிடம் நீட்டுவதாக நினைத்துப் பார்த்தேன். 'பாரு தம்பி, உன் படிப்பு, உன் பைக், உன் கல்யாணம், எல்லாத்துக்கும் வட்டி... கையெழுத்துப் போடு.' அந்தத் தாளை அங்கேயே கிழித்திருப்பேன்.

ஆனால், இதிலும் எனக்கு ஒரு சந்தேகம் உண்டு. திருப்பி வைத்ததும் காட்டுவது மட்டும் சத்தியமா? இரண்டுக்கும் நடுவில்தானே நிஜம்? அப்பா படுக்கையில் இருந்த இரண்டரை வருடம் நானும் என் மனைவியும்தான் பார்த்துக்கொண்டோம். அதற்கு எந்தப் பக்கம், எவ்வளவு போடுவது? மனைவியைக் கேட்டால் ஒரு தொகை சொல்வாள். அக்காவைக் கேட்டால், 'என்னால வர முடியலையேன்னு நான் அழுததுக்கு எவ்வளவு?' என்பாள். அதையெல்லாம் எந்த ரசமட்டம் காட்டும் என்று எனக்குத் தெரியவில்லை.

அன்று மத்தியானம், இடது சக்கரங்களுக்கு அடியில் நாலு அடுக்குப் பலகை ஏற்றி முடித்தபின், விளிம்பு வரை நடந்து போனோம். கிட்டத்தட்ட ஒன்றரை கிலோமீட்டர் ஆழம். எத்தனை போட்டோவில் பார்த்திருந்தாலும் நேரில் வயிற்றைப் பிசைகிறது. பள்ளத்தாக்கைவிட அங்கே என்னைப் பிடித்து நிறுத்தியது வேறு ஒரு விஷயம். நாங்கள் நின்ற தெற்கு விளிம்பு, பார்வைக்குச் சமதரை. நிஜத்தில் அது பள்ளத்தாக்குக்கு எதிர்ப்புறமாக, தெற்கே பார்த்துச் சரிந்திருக்கிறது. எதிரே இருக்கும் வடக்கு விளிம்பும் தெற்கே பார்த்துத்தான் சரிவு. அதனால் வடக்கில் பெய்யும் மழை பள்ளத்தாக்குக்குள் வருகிறது. தெற்கில் பெய்வது விளிம்புக்கு அருகிலேயே பெய்தாலும் முதுகைக் காட்டிக்கொண்டு போய்விடுகிறது. அதன் மேல் நடக்கும் யாருக்கும் அந்தச் சரிவு காலில் உறைப்பதில்லை.

"அக்கா, அந்த வீட்டு விஷயம்..." என்று ஆரம்பித்தேன்.

"எந்த வீட்டு விஷயம்?"

"கையெழுத்துப் போட்டியே..."

அவள் கொஞ்ச நேரம் பள்ளத்தாக்கையே பார்த்தாள். "அதை ஏன்டா இப்ப கிளறுற? அன்னிக்கு நீ கேட்ட, போட்டேன்" என்றாள். சற்றுப் பொறுத்து, "அந்தக் கணக்குல தலைப் பிரசவம்னு போட்டிருந்தியாமே, அத்தான் சொன்னார். எனக்குத்தான் சிரிப்பா வந்துச்சு" என்றாள். சிரிக்கவில்லை.

அன்று ராத்திரி பரணில் எனக்குத் தூக்கமே வரவில்லை. படுக்கை சரியான மட்டத்தில்தான் இருந்தது. ஆனால், வலது பக்கமாகச் சரிகிற மாதிரியே ஒரு பிரமை. இரண்டு முறை எழுந்து விளக்கைப் போட்டுக் குமிழியைப் பார்த்தேன்.

ஊருக்கு வந்ததும் ஒரு புது நோட்டு வாங்கி, இந்த முறை என் பெயருக்கும் ஒரு லெட்ஜர் போட்டு எழுத ஆரம்பித்தேன். ஆறு பக்கம் வந்திருக்கிறது. மனைவி ஒருநாள் எட்டிப் பார்த்து, "உங்க அப்பாவுக்கு டயப்பர் மாத்தினதை எங்க எழுதப் போறீங்க?" என்று கேட்டுவிட்டுப் போனாள். அதற்கு ஒரு பக்கத்தைக் காலியாக விட்டிருக்கிறேன். அக்காவிடம் இன்னும் காட்டவில்லை. மாடி போர்ஷன் வாடகை இந்த மாதமும் ஐந்தாம் தேதி என் அக்கவுன்ட்டுக்கு வந்துவிட்டது.