நாற்பத்தொன்பதோடு முடிந்துவிடுவாளா?

“இந்த வயதில் இதெல்லாம் எதற்கு?”

நான்கே சொற்கள். ஒரு பெண்ணைச் சுற்றி நாற்புறமும் மதில் எழுப்ப இந்த நான்கு சொற்கள் போதும், தோழர்களே!

அறுபது வயது அம்மையார் மருத்துவமனைக்குச் செல்கிறார். முழங்கால் வலியைக் கூறுகிறார். கண்ணில் படலம் என்கிறார். இரவிலே உறக்கமில்லை என்று முறையிடுகிறார். மாதவிடாய் நின்று பல்லாண்டுகள் கழிந்தபின் மீண்டும் தோன்றிய இரத்தக் கறையையும், ஓயாத வெள்ளைப்படுதலையும், சிறுநீர் கழிக்கையில் எழும் எரிச்சலையும் மட்டும் சேலைத் தலைப்பிலே முடிந்துகொண்டு வீடு திரும்பிவிடுகிறார். மகன் முகத்தில் எப்படி விழிப்பது? மருமகள் என்ன எண்ணுவாள்? மருத்துவரே நகைத்துவிட்டால்? இந்த அச்சத்துக்கு நம் நாட்டார் சூட்டியுள்ள பெயர் நாணம். பெண்ணுக்கு அது அணிகலனாம்! அணிகலன் கழுத்தை நெரிக்கும்போதும் அதைக் கழற்றக் கூடாதா என்பதுதான் நம்முன் உள்ள கேள்வி.

யயாதியின் கதை நமக்குத் தெரியும். சாபத்தால் கிழவனான மன்னன், ஆசை அடங்காமல், பெற்ற மகனிடமே இளமையை இரந்து பெற்று ஆயிரம் ஆண்டுகள் இன்பம் துய்த்தானாம். அதைக் காலட்சேபமாக நடத்தினர். கற்பூரம் கொளுத்திக் கேட்டனர். தேவயானியின் முதுமையைப் பற்றிப் பேசிய புராணிகர் உண்டா? கிழவனின் காமம் காவியமாகலாம். கிழவியின் நோய் பேச்சாகவும் கூடாது! இன்னொரு கதை, திருமணத்திலிருந்து தப்பிக்க ஔவை முதுமையை வரமாகக் கேட்டது. 1953-இல் திரைப்படமாகவும் வந்து ஊரெங்கும் ஓடிற்று. மூப்பு வந்துவிட்டால் பெண்ணுக்கு அது கவசம் என்பது அக்கதையின் உட்கிடை.

உடற்கூறு அறிந்தவர்கள் கூறுவதோ நேர்மாறானது. மாதவிடாய் நின்றபின் ஈஸ்ட்ரோஜன் சுரப்பு குறைகிறது. பெண்ணுறுப்பின் உட்சுவர் மெலிந்து, வறண்டு போகிறது. அங்கே அமிலத்தன்மையைப் பேணிக் கிருமிகளைத் தடுத்துவந்த நல்ல பாக்டீரியாக்கள் அருகுகின்றன. சிறு உராய்விலும் கீறல் விழுகிறது. கீறல் வழியே தொற்று நுழைகிறது. சிறுநீர்த் தொற்று அடிக்கடி வருவதற்கும் இதுவே காரணம். கவசம் என்றார்கள், இருந்த கவசமும் மெலியும் பருவம் அது!

“ஒருவனையே கைப்பிடித்து ஒழுக்கமாக வாழ்ந்தவளுக்கு இந்தப் பேச்சு எதற்கு?” என்று வைதிகம் சீறும். கிருமி தாலியைப் பார்த்து விலகிச் செல்வதில்லை. கணவன் கொண்டுவருவது மனைவிக்கும் வரும். 1986-இல் இந்தியாவில் எச்.ஐ.வி. தொற்று முதன்முதலாகக் கண்டறியப்பட்டது நமது சென்னையில்தான். அந்நாளில் அதைப் பாலியல் தொழில் செய்வோரின் நோய் என்று ஒதுக்கினர். கணவனன்றி வேறு ஆடவனை அறியாத மனைவியரும் அதைச் சுமந்தது பின்னர் தெரிந்தது. முதிய பெண்ணிடம் அந்நோய் இளைப்பாகவும் சோர்வாகவும் காய்ச்சலாகவும் வெளிப்படும்போது, “வயதாகிவிட்டது” என்று சத்து மாத்திரை கொடுத்து அனுப்பிவிடுகிறார்கள். கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்க மருத்துவர் கூசுகிறார்; சொல்ல வேண்டியதைச் சொல்ல அவர் கூசுகிறார். இருவர் கூச்சத்துக்கும் நடுவே நோய் மட்டும் கூச்சமின்றி வளர்கிறது.

கருப்பை வாய்ப் புற்றுநோயை எடுத்துக்கொள்வோம். தலைவிதி என்றனர், முற்பிறவிப் பாவம் என்றனர். பாப்பிலோமா வைரஸ் என்று காட்டினார் ஜெர்மானிய அறிஞர் ஹாரால்ட் சூர் ஹாவுசன். 2008-இல் நோபல் பரிசும் பெற்றார். பாலுறவால் பரவும் இவ்வைரஸ் பெரும்பாலோர் உடலிலிருந்து தானே நீங்கிவிடும். நீங்காமல் தங்கிவிட்டால் பதினைந்து, இருபது ஆண்டுகள் ஓசையின்றிக் கிடந்து, பிறகு புற்றாக வெடிக்கும். இளமையில் வந்த தொற்றின் விலையை முதுமையில் செலுத்துகிறாள் பெண். ஆகவே “இந்த வயதில் எதற்கு” என்பது ஒழுக்கத்தின் குரலன்று, கணக்குத் தெரியாதவரின் குரல்.

திண்டுக்கல் மாவட்டத்திலே நடந்ததைக் காணீர்! 2000-ஆம் ஆண்டில் தொடங்கி, 30 முதல் 59 வயது வரையுள்ள பெண்களைப் பரிசோதனைக்கு அழைத்தனர். பெரிய இயந்திரம் இல்லை. வினிகரில் உள்ள அசெட்டிக் அமிலத்தை நீர்க்கச் செய்து கருப்பை வாயில் தடவினர். மாறுபட்ட திசு வெளுத்துக் காட்டிவிடும். பயிற்சி பெற்ற செவிலியரே பார்த்தனர். அழைக்கப்பட்டோர் 49,000-க்கும் மேல். வந்தோர் 31,000-க்கும் மேல். அழைக்கப்படாத பகுதிகளோடு ஒப்பிட, இந்நோயால் இறப்பு 35 விழுக்காடு குறைந்ததென 2007-இல் ஆய்வு முடிவு வெளிவந்தது. ஒரே ஒரு முறை பரிசோதித்ததன் பயன் அது! (முதிர்ந்த வயதில் பார்க்க வேண்டிய இடம் உள்ளொடுங்கிவிடுவதால் அமிலப் பூச்சு மட்டும் போதாது, செல் பரிசோதனையோ வைரஸ் பரிசோதனையோ வேண்டும்.) வராமல் நின்ற ஏறத்தாழப் பதினெட்டாயிரம் பெண்களை எண்ணிப் பாருங்கள். அவர்களில் எத்தனை பேரை நாணம் தடுத்திருக்கும்!

மக்கள் மட்டுமா? அரசின் ஏடும் இதே பார்வையைத்தான் பார்க்கிறது. இந்தியாவின் தேசியக் குடும்பநல ஆய்வு, 2019-21இல், பெண்களை 15 முதல் 49 வயது வரை விசாரித்தது. ஆண்களை 54 வரை. பெண்ணை மட்டும் ஐந்தாண்டுகள் முன்னதாகவே படிவத்திலிருந்து இறக்கிவிட்டார்கள்! கருப்பை வாய்ப் புற்றுநோய்ப் பரிசோதனைத் திட்டமோ 65 வயது வரை பெண்களை அழைக்கிறது. அழைப்பது அறுபத்தைந்து வரை, எண்ணுவது நாற்பத்தொன்பது வரை! எண்ணிய 30 முதல் 49 வயதினரிலேயே பரிசோதனை செய்துகொண்டோர் இந்திய அளவில் நூற்றுக்கு இருவர்கூட இல்லை. எண்ணப்படாதோர் நிலையை யாரிடம் கேட்பது?

ஏன் இப்படி? பெண்ணைப் பற்றி நாட்டுக்கு இருந்த அக்கறை முழுவதும் அவள் கருப்பையைப் பற்றிய அக்கறையாகவே இருந்தது. 1968-இல் ‘நிரோத்’ வந்தது. பிள்ளைப்பேற்றைத் தடுக்கும் கருவி என்றுதான் அதை ஊருக்கு அறிமுகம் செய்தார்கள். நோய்த் தடுப்பாக அதைப் பேசும் பழக்கம் பெருகியது எச்.ஐ.வி. வந்த பிறகே. எனவே பிள்ளை பிறக்கும் அச்சம் நீங்கியதும் உறையும் வீட்டை விட்டு நீங்கியது. இங்கேதான் பெரியாரின் வேறுபாடு விளங்குகிறது. நாட்டின் வறுமைக்காகவும் தாயின் உடல்நலத்துக்காகவும் கர்ப்பத்தடை பேசியவர் பலர். பெண்ணின் விடுதலைக்காகப் பேசியவர் அவர். கருப்பைக்காகப் பேசினால் கருப்பை ஓய்ந்ததும் பேச்சு ஓயும். விடுதலைக்காகப் பேசினால் எந்த வயதில் ஓயலாம்?

“கிழவிகளுக்குக் காமம் கற்பிக்க வந்தீர்களா?” என்பார்கள். கற்பிக்க வரவில்லை. இன்பம் வேண்டும் என்பதும் போதும் என்பதும் அவள் முடிவு. அதில் மகனுக்கும் பங்கில்லை, மடாதிபதிக்கும் பங்கில்லை, நமக்கும் பங்கில்லை. ஆனால் வேண்டும் என்றாலும் வேண்டாம் என்றாலும் தன் உடலில் நடப்பது என்னவென்று அறிந்து முடிவு செய்பவளே முடிவு செய்தவளாவாள். அறிவை மறைத்து வைத்துவிட்டு, அவள் பேசாதிருப்பதை அவளது விருப்பம் என்று கூறுவது பொய்.

செய்யத்தக்கன உள்ளன. 2021 முதல் தமிழ்நாட்டில் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் பெண் தன்னார்வலர்கள் வீடு தேடி வந்து இரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கிறார்கள். மூதாட்டியைத் தனியே அழைத்து, “வெள்ளைப்பாடு, எரிச்சல், இரத்தக் கறை ஏதேனும் உண்டா அம்மா?” என்று கேட்க ஒரு நிமிடம் பிடிக்காது. மாதவிடாய் நின்று ஓராண்டு கழிந்தபின் ஒரு துளி இரத்தம் கண்டாலும் காலம் தாழ்த்தாமல் மருத்துவரைக் காண வேண்டும் என்பதை ஒவ்வொரு மகளிர் குழுவிலும் கூறலாம். அரசு மருத்துவமனையின் ‘நம்பிக்கை மைய’த்தில் எச்.ஐ.வி. பரிசோதனைக்குக் கட்டணம் இல்லை. வயது உச்சவரம்பும் இல்லை.

படிப்பகத்தில் கூடும் இளைஞர்களுக்கு ஒரு சொல். கண் சிகிச்சைக்குத் தாயைக் கைத்தாங்கலாக அழைத்துச் செல்கிறீர்கள், நன்று. அடுத்த முறை, மகளிர் மருத்துவரின் அறை எங்கே இருக்கிறதென்றும் விசாரித்து வையுங்கள். உள்ளே அவர் தனியே செல்லட்டும். என்ன பேசினாய் என்று வெளியே வந்ததும் கேட்காதீர்கள்.