சும்மா உழைப்பதும் சுரண்டப்படுவதும்

“சம்பளம் இல்லாம எவனாவது வேலை செய்வானா?” மலாக்காவில் தோட்டத்திலிருந்து வந்த குடும்பங்களில் இந்தக் கேள்வியை லேசாக எடுத்துக்கொள்ள முடியாது. மலாயாவில் வணிகத்துக்காக ரப்பர் முதலில் நடப்பட்டது இந்த மாநிலத்தில்தான். 1896இல், புக்கிட் லிந்தாங்கில், டான் சே யான் நட்டார். அதன் பிறகு விடியுமுன்னே பெரட்டுக்கு நின்று, பால்மரம் வெட்டியவர்களின் உழைப்பு யாருக்குப் போனது என்று நமக்குத் தெரியும். அவர்களின் பேரப்பிள்ளை பொறியியல் படித்துவிட்டு, ராத்திரியில் ஒரு கணினி விளையாட்டுக்கு இலவசமாக நிரல் எழுதினால் வீட்டில் கேட்கத்தானே செய்வார்கள்?

‘பேட்டில் ஃபார் வெஸ்னாத்’ என்ற விளையாட்டை எடுத்துக்கொள்வோம். அறுகோணக் கட்டங்களில் மாறி மாறி ஆடும் போர் விளையாட்டு இது. 2003இல் டேவிட் வைட் தொடங்கியது. மூல நிரல் எல்லாருக்கும் திறந்திருக்கிறது. பங்களிக்க யாரும் சான்றிதழ் கேட்பதில்லை. ஆனா கத்துக்க வேண்டியது நிறைய. என்ஜினைத் தொட சி பிளஸ் பிளஸ் தெரியணும். கதைக்களம் எழுத அதற்கென்றே உருவாக்கிய டபிள்யூ.எம்.எல் இருக்கிறது. மாற்றங்களை அனுப்ப கிட் பழகணும். அனுப்பியதை முகம் தெரியாத ஒருவர் வரி வரியாகப் படித்து, “இத இப்படி மாத்துங்க” என்பார். கல்லூரியில் கட்டணம் கட்டிப் படித்தபோதுகூட இப்படி ஒருவர் நம் நிரலோடு உட்கார்ந்தது அபூர்வம்.

அப்படின்னா இதுவும் கூலி கொடுக்காத தோட்டமா? விளைச்சல் யாருடையது என்று பார்த்தால் விடை கிடைக்கும். வெஸ்னாத்தின் நிரல் ஜி.பி.எல் உரிமத்தில் இருக்கிறது. அதை மாற்றி வெளியிடுகிறவர், தன் மாற்றங்களின் மூல நிரலையும் அதே உரிமத்தில் தந்தாக வேண்டும். ஒருவர் மட்டும் வேலி போட்டுக்கொள்ள வழியில்லை. ஒவ்வொரு வரியையும் யார் எழுதினார் என்று கிட் குறித்து வைக்கிறது. எந்தப் பால்மரத்திலும் அதை வெட்டியவரின் பெயர் இல்லை.

பொதுச்சொத்து என்ற யோசனை நமக்குப் புதுசும் இல்லை. தோட்டங்கள் துண்டாடப்பட்டபோது, 1960இல் துன் சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தொழிலாளர்கள் மாதம் 10 வெள்ளி கட்டி 100 வெள்ளிப் பங்கை வாங்கினார்கள். அந்தப் பணம் தோட்டங்களாக மாறியது.

இதனால் எல்லாரும் இலவசமாக உழைக்கணும் என்று சொல்லிவிட முடியாது. ரெண்டு வேலை பார்த்து வீட்டுக்கடன் கட்டுகிறவரிடம் ராத்திரி நேரத்தைக் கேட்பது நியாயமில்லை. ‘அனுபவம் கிடைக்கும்’ என்று சொல்லி முதலாளி வாங்கும் இலவச உழைப்பும் வேறு வகை.

இரண்டையும் பிரித்தறிய ஒரு கேள்வி போதும்: விட்டுப் போகும்போது கையில் என்ன இருக்கும்? தோட்ட வேலையை விட்டவர் லயத்து வீட்டையும் காலி பண்ணணும். வெஸ்னாத்தை விட்டுப் போகிறவர் மொத்த நிரலையும் பிரதி எடுத்துக்கொண்டு போகலாம். வேணும்னா அதிலிருந்தே தன் சொந்த விளையாட்டைத் தொடங்கலாம்.