பழகிய கை

பழக்கத்தை நாம் பெரும்பாலும் தேர்ச்சியின் கணக்கில்தான் எழுதிக்கொள்கிறோம். ஒரு கருவியோடு நெடுநாள் இருந்தவனுக்கு அது வசப்பட்டுவிட்டது என்கிறோம். அது அவனுக்கு வசப்பட்டதா, அல்லது அதன் கோளாறுக்கு அவன் வசப்பட்டுவிட்டானா என்று கேட்பதில்லை. நானும் கேட்டதில்லை.

லங்காவியில் நண்பர் ஒருவரோடு சேர்ந்து 30 அடிப் பாய்மரப் படகு ஒன்றை வைத்திருக்கிறேன். பழைய படகு. பாய் இருக்க இஞ்சின் எதற்கு என்று கேட்கிறவர்கள் மலாக்கா நீரிணையை அறியாதவர்கள். அங்கே காற்று பெரும்பாலும் மெலிந்தது, சொன்ன சொல்லில் நிற்காதது. நல்ல காற்றுள்ள நாளிலும் துறைக்குள் நுழையுமுன் பாயை இறக்கிவிட்டு டீசல் இஞ்சினில்தான் வருவோம். சுக்கானருகே ஒற்றை லீவர். முன்னே தள்ளினால் முன்கியர், இன்னும் தள்ளினால் வேகம். நடுவே நியூட்ரல். பின்னே இழுத்தால் பின்கியர். படகுக்கு பிரேக் கிடையாது. பின்கியர்தான் அதன் பிரேக்.

இந்த லீவர் ஓராண்டுக்கு மேலாக இறுகிக்கொண்டு வந்தது. ஒரே நாளில் இறுகியிருந்தால் திடுக்கிட்டிருப்பேன். அது தினமும் கொஞ்சம் இறுகியது. என் கையும் தினமும் கொஞ்சம் கூட்டி இழுத்தது. முழங்கையை விலாவில் முட்டுக்கொடுத்து, உடம்பைச் சாய்த்து இழுக்கும் ஒரு உபாயம் எனக்கே தெரியாமல் என்னிடம் சேர்ந்திருந்தது. மிஞ்சிப்போன நாட்களில் கேபிளின் முனையில் எண்ணெய் விட்டேன். இரண்டு வாரம் இளகும், பிறகு பழையபடி ஆகும். 'அதுக்குன்னு ஒரு பதம் இருக்கு' என்று நண்பரிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். சற்றே பெருமையுடன் என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

ஒரு பள்ளி விடுமுறையில் தங்கையும் அவள் மகனும் வந்திருந்தார்கள். மாலையில் துறைக்குத் திரும்பும்போது சுக்கானை அவளிடம் கொடுத்துவிட்டு, கயிற்றுடன் முன்புறம் போய் நின்றேன். பையன் எனக்குப் பக்கத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு காலை வெளியே தொங்கவிட்டு உட்கார்ந்திருந்தான். மிதவைத் துறை நெருங்கியது. 'நியூட்ரலுக்கு இழு' என்று கத்தினேன். படகு வேகம் குறையாமல் வந்தது. திரும்பினால், அவள் இரண்டு கையாலும் லீவரைப் பற்றிக்கொண்டிருக்கிறாள், அது நகரவில்லை. பையனின் சட்டையைப் பிடித்து உள்ளே இழுத்தேன். கால் இருந்த இடத்தில் படகின் பக்கம் துறையில் மோதிற்று. ஓடிப்போய் என் உபாயத்தால் லீவரை இழுத்து நிறுத்தினேன்.

தங்கைக்கு முகம் வெளுத்திருந்தது. 'மன்னிச்சிடுண்ணே, எனக்குக் கையில பலமில்ல' என்றாள்.

'பரவாயில்லை' என்றேன்.

அந்தச் சொல்தான் இந்தக் கட்டுரையை எழுதவைக்கிறது. அவள் செய்யாத குற்றத்துக்கு அவளை நான் மன்னித்தேன். லீவர் இறுகியிருப்பது எனக்குத் தெரியும். ஆனால் அந்தக் கணத்தில் தெரியாதவனாக இருந்தேன் என்பதும் பொய்யல்ல. என் அளவில் அது இறுகியிருக்கவில்லை. எனக்கு அது நகர்கிறதே. சகித்துக்கொள்ளும் சக்தி உள்ளவன் தன் சகிப்பையே உலகின் அளவுகோலாக ஆக்கிவிடுகிறான். பிறகு அந்த அளவுக்கு எட்டாதவரிடம் பலவீனத்தைக் காண்கிறான். இதில் பொய் சொல்ல வேண்டிய அவசியமே நேர்வதில்லை. பாதிக்கப்பட்டவரே முன்வந்து பழியை ஏற்றுக்கொள்கிறார். நாம் பெருந்தன்மையாக இருந்தால் போதும்.

மூன்று நாள் கழித்துப் பிரித்துப் பார்த்தேன். இஞ்சினை நிறுத்திவிட்டு முதலில் கியர்ப்பெட்டியிலிருந்து கேபிளைக் கழற்றினேன். பெட்டியின் கையை விரலால் தள்ளியதும் சுலபமாக விழுந்தது. இந்தப் பக்கம் லீவர் இன்னும் இறுக்கமாகவே இருந்தது. கேபிளின் மறுமுனையையும் கழற்றினேன். இப்போது லீவரும் ஒரு விரலுக்கு நகர்ந்தது. கையிலும் குறையில்லை, இஞ்சினிலும் குறையில்லை. இரண்டுக்கும் நடுவே, கண்ணுக்குத் தெரியாமல் பலகைகளுக்குப் பின்னால் ஓடுகிற கேபிளில்தான் குறை. சைக்கிள் பிரேக் கம்பிதான் இதற்கு மூதாதை. 1896இல் பௌடன் என்பவர் இங்கிலாந்தில் காப்புரிமை பெற்றது. அதற்கு இழுக்க மட்டுமே தெரிந்தால் போதும். படகுக் கேபிள் தள்ளவும் வேண்டும். இஞ்சின் முனையில் ரப்பர் உறை வெடித்து, உள்ளே ஈரம் புகுந்து துரு ஏறியிருந்தது. அதற்குக் கடலைக் குறை சொல்லலாம். ஆனால் இவ்வகைக் கேபிளை ஏறத்தாழ 20 சென்டிமீட்டர் ஆரத்துக்கும் குறுகலாக வளைக்கக்கூடாது. அலமாரி ஒன்று பொருத்துவதற்காக அதைச் சுருக்கி வளைத்துக் கட்டியிருந்தவன் நான்.

இத்தகைய கேபிளின் உள்ளே எண்ணெய் விடுவதற்கு வழி வைத்துச் செய்வதில்லை. நான் விட்ட எண்ணெய் முனையை மட்டும் நனைத்து, தூசியைச் சேர்த்துக்கொண்டிருந்தது. ஒன்று போனால் மற்றதற்கும் காலம் நெருங்கிவிட்டது என்பது பணிமனைகளில் உள்ள வழக்கம். கியர், வேகம் இரண்டுக்கும் புதுக் கேபிள் போட்டேன்.

எல்லா இறுக்கமும் துரு அல்ல என்பதையும் அன்றுதான் கவனித்தேன். நியூட்ரலில் லீவர் ஒரு பள்ளத்தில் விழுந்து நிற்க வேண்டும். அங்கே சிறு தடை வேண்டும். வேகத்துக்கு வைத்த இடத்திலிருந்து இஞ்சின் அதிர்வில் லீவர் நழுவக்கூடாது. அதற்காகவே உராய்வைக் கூட்டக் குறைக்க ஒரு திருகு உண்டு. வேண்டிய தடை, வேண்டாத தடை இரண்டும் கைக்கு ஒன்றுபோலவே தெரிகின்றன. கழற்றிப் பார்க்காமல் பிரிக்க முடியாது.

நம் வட்டத்தில் வாசகனுக்குப் பயிற்சி போதாது என்ற பேச்சு அடிக்கடி வருகிறது. நானும் பேசியிருக்கிறேன். சில எழுத்துக்களில் தடை அவசியம்தான். அனுபவம் நழுவாமலிருக்க வைத்த உராய்வு அது. ஆனால் வேறு சிலவற்றில், நம் சௌகரியத்துக்காக வளைத்துக் கட்டிய வாக்கியம் உள்ளே துருவேறிக் கிடக்கிறது. எழுதியவனுக்கும் அவன் நண்பர்கள் நாலைந்து பேருக்கும் அதை இழுக்கும் உபாயம் பழகிவிட்டது. புதிதாக வருகிறவன் கை வலித்து, 'எனக்கு அவ்வளவு ஞானமில்லை' என்கிறான். பரவாயில்லை என்று நாமும் மன்னிக்கிறோம். எது எது என்று கழற்றிப் பார்க்கும் சிரத்தை நம்மில் எத்தனை பேருக்கு இருக்கிறது என்று தெரியவில்லை. எனக்கு இருந்ததில்லை.

தங்கையிடம் தவறு என்னுடையது என்று சொன்னேன். 'அதுக்கென்னண்ணே இப்ப' என்று சிரித்தாள். அடுத்த விடுமுறையில் வந்தபோது சுக்கானருகே வரவேயில்லை. எவ்வளவு சொல்லியும் வரவில்லை. பையன் மட்டும் போய் லீவரை ஒரு விரலால் நகர்த்தினான். அது நகர்ந்தது. திரும்பி அம்மாவைப் பார்த்தான்.