மறைப்பதா, சொல்வதா?

பிரிட்டனில் ஊருக்கு ஊர் தர்மக் கடைகள் உண்டு. மக்கள் இலவசமாகக் கொடுக்கும் பழைய உடைகளையும் புத்தகங்களையும் விற்று, வரும் பணத்தை நற்பணிக்கு அனுப்புவார்கள். ஆக்ஸ்ஃபாம் 1940களிலேயே ஆக்ஸ்ஃபோர்டில் அப்படியொரு கடையைத் திறந்தது. அத்தகைய கடையின் பூட்டை உடைத்து யாரோ திருடிவிட்டால், "பார்த்தவர்கள் சொல்லுங்கள்" என்று போலீஸ் கேட்கிறது.

பார்த்தவர் தயங்குகிறார். "பிறர் குறையை மறைக்கச் சொல்கிறதே மார்க்கம்!" உண்மைதான். ஆனால் அந்தத் திரை, ஒருவன் தனக்கும் அல்லாஹ்வுக்கும் இடையில் செய்த தவறுக்கு. இங்கே பறிபோனது அடியார்களின் உரிமை; அதுவும் ஏழைக்கென்று ஒதுக்கியது. கடனைப் பற்றிப் பேசும் இடத்தில் அல்பகரா 283ஆம் வசனம் சாட்சியத்தை மறைப்பதை உள்ளத்தின் பாவமாகவே சொல்கிறது. திருடியவன் சொந்தக்காரனாக இருந்தால்? அன்னிஸா 135 பெற்றோரைக்கூட விலக்கவில்லை. கசப்பான இடம் இதுதான்.

அதற்காக, நமக்குப் பிடிக்காத பக்கத்து வீட்டுப் பையனின் பெயரைக் கொடுத்துவிடக் கூடாது. பார்த்த வண்டி, நேரம், போன திசை, இவைதான் சாட்சியம். "அவனாகத்தான் இருக்கும்" என்பது வெறும் சந்தேகம். அல்ஹுஜுராத் 12 தடுப்பது அதைத்தான்.

பழிவாங்குவார்களோ என்று அஞ்சுபவர், பெயர் சொல்லாமலே தகவல் தரலாம். அதற்கென்றே அங்கு கிரைம்ஸ்டாப்பர்ஸ் 1988 முதல் இயங்குகிறது. அதுவும் ஒரு தர்ம ஸ்தாபனம்தான்.