இருபது நிமிடம்



இன்றைய நற்செய்தியில் திருத்தூதர்கள் பணி முடித்துத் திரும்பி, செய்ததையெல்லாம் ஆண்டவரிடம் சொல்கிறார்கள். அவர் கணக்குக் கேட்கவில்லை. சாப்பிடக்கூட நேரமில்லாமல் அலைந்தவர்களைத் தனிமையான இடத்துக்கு வந்து இளைப்பாறச் சொல்கிறார்.

இந்தப் பகுதியை வாசித்தாலே எனக்கு மகரிஷி மகேஷ் யோகியின் ஞாபகம் வந்துவிடுகிறது. பீடத்தில் நின்றுகொண்டு ஃபாதர் யாரைப் பற்றிப் பேசுகிறார் என்று சிலர் நெளிவது தெரிகிறது. கொஞ்சம் பொறுங்கள்.

அலகாபாத்தில் இயற்பியல் படித்தவர் அவர். ஜோதிர்மடத்துச் சங்கராச்சாரியார் பிரம்மானந்த சரஸ்வதிக்குப் பணிவிடை செய்தார். 1953-இல் குரு மறைந்தபின் உத்தரகாசியில் தங்கினார். பிறகு தெற்கே வந்தார். அவருடைய தியான இயக்கம் தொடங்கியது நம் சென்னையில்தான். 1958-இல் வெளிநாட்டுப் பயணம் கிளம்பினார். காலையும் மாலையும் இருபது நிமிடம் கண்ணை மூடி, மனத்துக்குள் ஒரு மந்திரம்: அவர் சொல்லிக்கொடுத்தது அவ்வளவுதான். அதற்குக் கட்டணமும் உண்டு. பின்னாளில் யோகத்தால் பறக்கலாம் என்றுகூடச் சொன்னார்கள். அதையெல்லாம் நான் நம்பச் சொல்லவில்லை.

1968-இல் பீட்டில்ஸ் பாடகர்கள் ரிஷிகேஷுக்கே வந்து அவரிடம் தங்கினார்கள். அந்த நால்வரில் பால் மெக்கார்ட்னி, ஜார்ஜ் ஹாரிசன் இருவரும் கத்தோலிக்கத் திருமுழுக்குப் பெற்ற பிள்ளைகள். பேரும் பணமும் குவிந்திருந்தும், சும்மா உட்காரக் கற்றுக்கொள்ள கங்கைக்கரைக்கு வந்தார்கள். அவர்கள்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. நம் கோவிலில் அதை அவர்களுக்கு யார் சொல்லிக்கொடுத்தோம்?

அமெரிக்காவில் ஸ்பென்சர் என்ற ஊரில் டிராப்பிஸ்ட் துறவு மடம் ஒன்று உண்டு. அதன் அன்றைய அதிபர் தாமஸ் கீட்டிங்கைக் குடைந்ததும் இதே கேள்விதான். கத்தோலிக்க இளைஞர்கள் கீழைத் தியானம் தேடிப் போவதைப் பார்த்து, நம் மரபிலுள்ள மௌன செபத்தை எளிதாகச் சொல்லித்தர வழியில்லையா என்று தம் துறவிகளிடம் கேட்டார். வில்லியம் மெனிங்கர் என்ற குரு 14-ஆம் நூற்றாண்டு ஆங்கில ஞானநூல் ஒன்றைத் தூசி தட்டி எடுத்தார். 1970-களில் அதிலிருந்து ஒரு செபமுறை உருவானது. அதற்கும் தினம் இரண்டு வேளை, இருபது நிமிடம்!

திருச்சபை 1989-இல் தியானம் பற்றி ஆயர்களுக்கு எழுதிய மடலில், உடல் அமைதியை இறை அனுபவம் என்று எண்ணி ஏமாறாதீர்கள் என எச்சரித்தது. பிற மரபுகளிலுள்ள நல்லதை ஒதுக்கவும் சொல்லவில்லை. நாம் செபிப்பது மந்திரத்திடம் அல்ல, நம்மைப் பெயர்சொல்லி அழைத்த ஒருவரிடம்.

ஆகவே பாடகர் குழுவினரே, இன்று நற்கருணை வாங்கியபின் பாடல் வேண்டாம். ஐந்து நிமிடம் எல்லோரும் உட்காருவோம். அறிவிப்புகளை அதற்குப் பிறகு வாசிக்கலாம்.