ஏழு வயதுக்கு முன்னே பிரம்பா?

பிள்ளைகள் அல்லாஹ் நம்மிடம் ஒப்படைத்திருக்கும் அமானத். அந்த அமானத்தை அடித்து வளர்க்க நமக்கு உரிமை உண்டா?

தருமபுரி, பாலக்கோடு, அரூர், பென்னாகரம் என்று எந்த ஊரை எடுத்துக்கொண்டாலும் மூன்று வயதுப் பிள்ளை காலையில் பால்வாடிக்குப் போகிறது. மாலையில் அக்காளின் விரலைப் பிடித்துக்கொண்டு மதரஸாவிலும் வந்து உட்காருகிறது. பேசுகிறது, எழுந்து ஓடுகிறது, பக்கத்துப் பிள்ளையின் தொப்பியைப் பிடுங்குகிறது. உடனே கை ஓங்கப்படுகிறது. ஏனென்று கேட்டால், “தொழாத பிள்ளையை அடிக்க ஹதீஸே இருக்கிறதே” என்று பதில் வருகிறது.

அந்த ஹதீஸை முழுமையாகப் பார்ப்போம். ஏழு வயதில் பிள்ளையைத் தொழச் சொல்லுங்கள், பத்து வயதாகியும் தொழாவிட்டால் அடியுங்கள் என்பது அபூதாவூதில் வரும் நபிமொழியின் கருத்து. இடையே மூன்று ஆண்டுகள். நாளுக்கு ஐந்து வேளை என்றால் ஐயாயிரம் தடவைக்கு மேல் வாயால் மட்டுமே சொல்ல வேண்டிய காலம் அது! அதன் பிறகும் காயம் உண்டாக்காத, முகத்தில் படாத அடியே என்று மார்க்க மேதைகள் வரம்பு கட்டினார்கள். மார்க்கத்தின் தூணாகிய தொழுகைக்கே இத்தனை பொறுமை என்றால், பாலைக் கொட்டிவிட்ட நான்கு வயதுப் பிள்ளையை அடிக்க இதில் ஆதாரம் எங்கே?

“அப்படியானால் பிள்ளையை அதன் போக்கில் விட்டுவிடுவதா?” என்று கேட்கலாம். இல்லை. ஸதகாவாக வந்த பேரீச்சம்பழம் ஒன்றைச் சிறு பிள்ளையாக இருந்த ஹஸன் (ரலி) வாயில் போட்டபோது, பெருமானார் (ஸல்) அவர்கள் அதைத் துப்பச் செய்தார்கள். நாம் ஸதகாவை உண்பதில்லை என்று காரணத்தையும் சொன்னார்கள். தவறு தடுக்கப்பட்டது, அடி விழவில்லை. சாப்பாட்டுத் தட்டில் அங்குமிங்கும் கையை அலையவிட்ட சிறுவர் உமர் இப்னு அபீஸலமா (ரலி) அவர்களிடம், பிஸ்மில்லாஹ் சொல்லி, வலக்கையால், தமக்கு அருகில் உள்ளதை உண்ணுமாறு கூறினார்கள். செய்யக் கூடாததைச் சொல்லித் திட்டாமல், செய்ய வேண்டியதைச் சொன்னார்கள். அன்றுமுதல் அவ்வாறே உண்டு வந்ததாக அந்த ஸஹாபியே பின்னாளில் அறிவித்தார். அடியால் வந்த ஒழுக்கம் அடிப்பவர் மறைந்ததும் மறைந்துவிடும். அன்பால் வந்த ஒழுக்கமோ ஆயுள் முழுதும் நிற்கும்.

1975 அக்டோபர் 2-இல் நாட்டில் ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் தொடங்கியபோது, தமிழகத்தில் முதலில் எடுத்துக்கொள்ளப்பட்ட வட்டாரங்களில் ஒன்று, அன்று தருமபுரி மாவட்டத்தில் இருந்த தளி. அத்திட்டத்தின் பால்வாடிகளில் பாட்டும் கதையும் விளையாட்டுமே பாடம். சின்னஞ்சிறு பிள்ளை நெடுநேரம் அசையாமல் உட்காராது என்பதை அறிந்து செய்த ஏற்பாடு அது. மதரஸாவிலும் இந்தச் சிறுவர்களைக் கலிமாவைச் சேர்ந்து சொல்ல வைத்து, சற்று எழுந்து நடமாட விடலாமே!

வீட்டில் செய்ய வேண்டியவையும் உண்டு. “ஓடாதே” என்பதைவிட “மெல்ல நட” என்று சொல்லுங்கள். கொடுத்த வாக்கை நிறைவேற்றுங்கள். ஏதோ தருவதாகச் சொல்லிப் பிள்ளையை அழைத்த ஒரு தாயிடம், ஒன்றும் கொடுக்காதிருந்தால் அது பொய்யாக எழுதப்பட்டிருக்கும் என்று நபிகளார் (ஸல்) எச்சரித்தார்கள்.

கணவர் பெங்களூரில் வேலை பார்க்க, வீட்டுப் பாரத்தைத் தனியே சுமக்கும் தாய்மார்கள் படும் பாடு நமக்குத் தெரியாததல்ல. பல வேளைகளில் அடி விழுவது பிள்ளையின் குற்றத்தால் அல்ல, நம்முடைய களைப்பால்தான். கோபம் வந்தால் நின்றிருப்பவர் உட்காரட்டும் என்பது நபிவழி. முதலில் நாம் உட்காருவோம்.

எல்லாவற்றுக்கும் மேலாக, “அல்லாஹ் நெருப்பில் போட்டுவிடுவான்” என்று பச்சைப் பிள்ளையைப் பயமுறுத்தாதீர்கள். பாலகர்கள்மீது குற்றம் எழுதப்படுவதில்லை என்றிருக்க, எழுதாத குற்றத்துக்கு ஏன் நரகத்தைக் காட்டுகிறோம்? தன் ரப்பை அர்ரஹ்மானாக அறிய வேண்டிய இளம் நெஞ்சில் பிரம்பின் நிழல் முதலில் விழலாமா?

அல்லாஹ் நம் கரங்களுக்கு நிதானத்தையும், நம் நாவுகளுக்கு இனிமையையும் தந்தருள்வானாக. ஆமீன்.