பனியில் பொத்தை ஏறுவது

மார்கழி, தை மாதங்களில் சில விடியற்காலைகளில், பாளையங்கோட்டைக்குத் தெற்கே இருக்கும் ரெட்டியார்பட்டி மலையே காணாமல் போய்விடும். வடகிழக்குப் பருவமழை பெய்து ஓய்ந்திருக்கும். குளங்கள் நிறைந்து, பிசானப் பயிர் நிற்கும் வயலெல்லாம் தண்ணீராகக் கிடக்கும். மேகமும் காற்றும் இல்லாத இரவில் தரை சூட்டை இழக்க, அதை ஒட்டிய ஈரக்காற்று குளிர்ந்து பொடித்துளிகளாகிறது. ஒரு கிலோமீட்டருக்குள் பார்வை மறைந்தால்தான் வானிலைக்காரர்கள் அதை மூடுபனி என்று ஒப்புக்கொள்வார்கள். நான் சொல்லும் காலைகளில் நாற்கரச் சாலையில் லாரி விளக்கே கிட்டே வந்த பிறகுதான் தெரியும். அப்படிப்பட்ட நாளில் என் நாய் மணியைக் கூட்டிக்கொண்டு இந்தப் பொத்தையில் (சிறு பாறைக்குன்றில்) ஏற எனக்குப் பிடிக்கும்.

ஆடு மேய்க்கிற ஒருவர் வழியில் கேட்டார்: "அண்ணாச்சி, இந்தப் பனியில மேல போயி என்னத்தப் பாக்கப் போறிய?"

நியாயமான கேள்வி. வெயில் நாளில் மேலே நின்றால் மேற்கே மலைத்தொடர் தெரியும். கூட வந்தவரிடம் "அந்தா பாருங்க, பொதிகை" என்று கை நீட்டாமல் இருக்க முடியாது. அவர் பார்த்து "ஆமா" சொன்னால்தான் நமக்கே பார்த்த நிறைவு. அந்த "ஆமா" சுரத்தில்லாமல் வந்தால் மனசு சுருங்கிவிடும். ஒன்றாகப் போகிறவர்கள் ஒன்றையேதான் காண வேண்டும் என்று யார் சொல்லி வைத்தார்களோ!

மணி பாதி சிப்பிப்பாறை, மீதி தெரு. சிப்பிப்பாறை கண்ணால் வேட்டையாடும் இனம். வெட்டவெளியில் முயலைப் பார்த்த மாத்திரத்தில் துரத்துவதற்கென்றே வளர்த்தார்கள். பனியில் அதன் கண்ணுக்கும் வேலை கிடையாது. அதற்காக அது நிற்பதில்லை, மூக்கைத் தரையில் வைத்துவிடும். ஈரத்தில் வாசனை நன்றாகத் தங்கும். ராத்திரி போன கீரியும் நேற்று மேய்ந்த ஆடும் அதற்கு அங்கேயே இருக்கின்றன போலும். எனக்கோ நாலடிப் பாறையும் ஒரு முள்செடியும்.

நாம் கை காட்டுவது நாய்க்குப் புரியாது என்றும் சொல்ல முடியாது. 2002-ல் பிரையன் ஹேர், மைக்கேல் டோமசெல்லோ குழுவினர் வெளியிட்ட ஆய்வில், ஒளித்துவைத்த தீனியை மனிதர் சுட்டிக்காட்டியபோது சிம்பன்சியைவிட நாய்தான் நன்றாகப் புரிந்துகொண்டது. ஆக மணிக்கு என் விரல் புரிகிறது; பொதிகைதான் வேண்டாம். அது முகர்வதில் என்ன இருக்கிறதென்று எனக்கும் ஒருநாளும் தெரியப்போவதில்லை. ஆனாலும் நான் பின்தங்கினால் அது பாறைத் திருப்பத்தில் நிற்கும், நான் வந்ததும் நகரும்.



மனிதர்களில் இப்படிப்பட்ட துணை அபூர்வம். தாமிரபரணியின் குறுக்குத்துறைக்குத் தினமும் சேர்ந்து குளிக்கப் போகும் இரண்டு பெரியவர்களை அறிவேன். ஒருவருக்கு அங்குள்ள கோவில் முருகன் முக்கியம். ஆற்றில் வெள்ளம் வந்து கோவில் முங்கிக் கிடந்தாலும் கரையில் நின்று கும்பிட்டுவிட்டுத்தான் திரும்புவார். இன்னொருவருக்குச் சாமி நம்பிக்கையே கிடையாது, தாமிரபரணித் தண்ணீருக்காக மட்டும் வருகிறவர். உங்களுக்குள் தகராறே வராதா என்று அவரிடம் கேட்டேன்.

"வராம என்ன, போகயிலயும் வரயிலயும் சண்டதான். அவுக கும்பிட்டு முடிக்கிற வரைக்கும் நான் துண்டக் காயப் போட்டுட்டு நிப்பேன்" என்றார். "விட்டுட்டுப் போயிட்டா, நாளைக்கு யாருகூடச் சண்ட போட?"